பதினோரு நாள் பாக்கி

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள், நிருபரே.
பிட்டர் ஃபோர்க்கில் காற்றுகூடத்
தாதுக்கல்லை அரைத்துக்கொண்டுதான் வரும்.
காலையில் வெள்ளையாய்க் கொடியில் போட்ட துணி
மாலையில் சாம்பலாய்த் திரும்பும்.

லைசாண்டர் க்ரீல் என் விடுதிக்கு வந்தது
அக்டோபரின் முதல் பனி விழுந்த அன்று.
பதினேழு பேரைச் சுட்டவன் என்றார் முடிதிருத்துகிறவர்.
இறைச்சிக் கடையை எட்டுவதற்குள் இருபத்திரண்டு.
தேவாலய வாசலில் முப்பது.
உலைக்கு மூடி உண்டு, ஊருக்கு ஏது?
நான் அவரிடமே கேட்டேன்.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.
"நாலு" என்றார், கத்தியை நிறுத்தாமல்.
"ஒருத்தன் பேர் மட்டும் தெரியாது."
தோலைக் காகிதம்போல் சீவுவார்.
அதற்காகவே வாரத்துக்கு அரை டாலர் குறைத்தேன்.

தெருவில் அவர் நடந்தால்
இரவு வேலை முடிந்து மேலேறி வரும்
எங்கள் கார்ன்வால் ஆட்கள்
தொப்பியில் மெழுகுவர்த்தி எரிய எரிய
நின்று பார்ப்பார்கள்.
மெழுகு காசு கொடுத்து வாங்குவது.
அணைக்க மறந்தார்கள் என்றால் பாருங்கள்.

நாலாம் நாள் துவைக்கத் துணி கேட்டேன்.
இடைவாரைத் துப்பாக்கி உறையோடு அவிழ்த்து
நாற்காலியில் போட்டார்.
நாற்காலி முனகவில்லை.
சுரங்கத்தில் புருஷனைக் கொடுத்தவள் நான்,
இரும்பு விழும் சத்தம் எனக்குத் தெரியும்.
எட்டிப் பார்த்தேன்:
கைப்பிடி மட்டும். வால்நட் மரம், வெள்ளி ஆணி.
அதற்குக் கீழே சுருட்டித் திணித்த செய்தித்தாள்.
உங்கள் பத்திரிகைதான்.
மீதியை ஷையனில் விற்றாராம்
குதிரைக்கு மருந்து வாங்க.
குதிரையும் தங்கவில்லை.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
கஞ்சி போட்டுச் சட்டையைத் தேய்த்தேன், அவ்வளவுதான்.

பிறகு அந்த ஆர்விட் டால்க்விஸ்ட்,
கல் இடிக்கும் ஆலையில் இருக்கும் ஸ்வீடன் பையன்,
நடுத்தெருவில் நின்று
அவர் பேரைச் சொல்லிக் கத்தினான்.
ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.
பாதி மூடின என்று சொல்லவேண்டும்,
யாருக்குத்தான் பார்க்க ஆசையில்லை?
க்ரீல் வாசலுக்கு வந்தார்.
ஒரு கன்னம் பூசணிபோல் வீங்கி,
தாடையைச் சுற்றி என் சமையலறைத் துணி.
"தம்பி, பல் வலி உயிர் போகுது.
நாளைக்கு வாயேன்."
பையன் லாயத்துக்குப் பின்னால் போய்
வாந்தி எடுத்தான்.

மறுநாள் வந்தான்.
கையில் துப்பாக்கி இல்லை,
ஒரு சின்னக் குப்பியில் கிராம்புத் தைலம்.

தைலத்துக்கு அடங்குகிற சீழ் இல்லை அது.
கழுத்துக்கு இறங்கியது, காய்ச்சல் தலைக்கு ஏறியது.
மூன்று இரவும் ஆர்விட்தான்
பனியை அள்ளி வந்து துணியில் கட்டி வைத்தான்.
பத்தொன்பதாம் நாள் விடியுமுன் போய்விட்டார்,
எட்டு நாளைக்குத்தான் வாடகை கொடுத்திருந்தார்.

ஹாஸ்கெலின் மதுக்கடைச் சுவரில்
துளை ஒன்று பார்த்திருப்பீர்கள்.
அடக்கம் முடிந்த ராத்திரி
அவனே சுட்டுக்கொண்ட துளை.
விரலை நுழைத்துப் பார்க்கப் பத்து சென்ட்.
நீங்களும் கொடுத்திருக்கிறீர்கள்,
நகத்தில் சுண்ணாம்பு இருக்கிறதே.
எழுதுங்கள், முப்பது என்றே எழுதுங்கள்,
செத்தவர் திருத்த வரமாட்டார்.

ஆனால் கடைசிப் பக்கத்தில்,
மாடு காணோம், கோவேறு கழுதை விற்பனைக்கு
என்றெல்லாம் போடுவீர்களே, அந்த இடத்தில்,
இதையும் போடவேண்டும்.
காய்ச்சலிலும் பிசகாமல் அவர் சொன்னது,
மாவுச் சீட்டின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறேன்:
பச்சை மேல்சட்டை. இடது காது மடல் கிழிந்தது.
பிளாட் ஆற்றுப் படகுத் துறை, எழுபத்தொன்று, வசந்தம்.
சிரிக்கும்போது வாயைக் கையால் மறைப்பான்.
இவனுடைய பேர் தெரிந்தவர்கள்
லவ்டே பெங்கெல்லி, பிட்டர் ஃபோர்க்,
என்ற முகவரிக்கு எழுதவும்.

வரிக்கு எவ்வளவு?
சரி. அதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.