ஒண்ணரை மில்லி

மழைக்கு ரப்பர் வெட்டு கிடையாது.
குலசேகரத்தில் பஸ் ஏறி
மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில் இறங்கினேன்.
முதல் கடையில் ரூட்டர் இருக்கா என்றேன்.
எத்தனை ஆன்டெனா வேணும் என்றான் பையன்.
அடுத்த கடையில் உஷாராக
டிரிம்மர் என்றேன்.
என் தாடியைப் பார்த்துவிட்டு
கண்ணாடி அலமாரியைத் திறந்தார்கள்.

மூன்றாவது ரசலையன் கடை.
வெளியே பிவிசி குழாய்க் கட்டு, உள்ளே கிரீஸ் வாசம்.
"தடிக்கா?" என்று கேட்டார்.
அந்த ஒரு சொல்லுக்கே
பாதி பைசா கொடுத்திருப்பேன்.

மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார்.

பெரியதற்கு இரண்டு பிடி, அரை இஞ்சுத் தண்டு.
கதவு நிலை, கட்டில் கால், மோல்டிங் எல்லாம் ஓடும்,
ஆயுசுக்கும் ஒண்ணு போதும் என்றார்.
தூக்கினேன். அஞ்சு கிலோ.
என் மகள் ஷெர்பின் பிறந்தபோது
இதில் பாதிதான் இருந்தாள்,
அவளையே ஒரு கையில் வாங்கப் பயந்தவன் நான்.

சின்னது கால் இஞ்சு.
செம்பு பிடிக்கிற மாதிரி ஒரு கைக்குள் நின்றது.
சுவிட்ச் போடாமல்
காற்றில் ஒரு காடி எடுத்துப் பார்த்தேன்.
வலது மணிக்கட்டில் நீர் கோத்த இடம்
ஒன்றும் சொல்லவில்லை.

"ஒரேயடியா ஆழத்துல எறக்காதீரும்,
தடி கருகும், பிட்டு ஒடியும்.
ரெண்டு மில்லி, ரெண்டு மில்லியா
மூணு தடவை போகணும், கேட்டேரா?"
கேட்டேன்.
ஒருநாள் விட்டு ஒருநாள்
முந்நூற்றைம்பது மரத்தில்
ஒண்ணரை மில்லி பட்டை சீவுகிறவன்.
கூடினால் மரத்துக்குக் காயம்,
குறைந்தால் சிரட்டையில் பால் இல்லை.
இதைச் சொல்லலாமா என்று நினைத்தேன்.
அவர் அதற்குள் பிளக்கைச் சொருகிவிட்டார்.

அப்படி ஒரு அலறல்.
ரோட்டில் பைக்கை நிறுத்தி ஒருவன் எட்டிப் பார்த்தான்.
ஒன்று முதல் ஆறு வரை வேகச் சக்கரம்.
ஆறில் சீவீடு. ஒன்றில்
கோபத்தை அடக்கிக்கொண்டு பேசும் மாமனார்.

வேகச் சக்கரம் இல்லாததும் இருக்கிறது,
ஆயிரத்து நானூறு குறைவு.
அதைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
மழை நாளில்தான் நேரம் கிடைக்கும்,
மழை நாளில்தான் பைசா கிடைக்காது.

ஐடாபாய்க்கு போன் போட்டேன்.
"எதையும் வாங்கும். ஆனா
ஷீட் காயப்போட்ட எடத்துல வச்சு ஓட்டினா
தூள் ஒட்டி தரம் போவும்,
அப்புறம் நான் பேச மாட்டேன்."
பெரியதை வைக்க மேசை வேண்டும்,
மேசை போட வேறு இடமில்லை.
சின்னதென்றால் கிணற்றடிக்கு எடுத்துப் போகலாம்.
அவள் போனை வைக்கும்போது
சின்னதைத் திரும்பப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்,
வேகச் சக்கரத்தோடு.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை.
வெட்டுக்குப் போகும் நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டு
அளவுக் கோட்டைத் தேடினேன்.
இரண்டு மில்லி என்றார். சரி.
ஒண்ணரையில் வைத்து முறுக்கினேன்.

நாலு மணிக்கு மழை விட்டது, கரண்டும் வந்தது.
கிணற்றடியில் அயனிப் பலகை.
பிட்டு சுற்றுவதற்கு எதிரே தள்ள வேண்டும்,
கூடவே போனால் கையைப் பறித்துக்கொண்டு ஓடும்.
விளிம்பு நம் பக்கம் என்றால்
இடமிருந்து வலம் என்று
ரசலையன் பில்லின் பின்னால் அம்புக்குறி போட்டிருந்தார்.
அம்புக்குறியைப் பார்க்கும் முன்பே
கை இடமிருந்து வலம் போய்க்கொண்டிருந்தது.
இருபத்திரண்டு வருடமாக எல்லா மரத்திலும்
அப்படித்தானே இறங்குகிறது.

கடைசி மூலையில் ஒரு சிராய் தெறித்தது.
விரல் நகம் அளவு குழி.
ஷெர்பின் அதில் தண்ணீர் விட்டு
எறும்புக்குக் குளம் என்றாள்.

மற்றபடி விளிம்பு உருண்டு வந்தது.
வெட்டு முடிந்த இடத்தில் நின்று
இடது கை
பலகைக்கு அடியில் எதையோ தேடியது.
சிரட்டையை.

நாளை மழை இல்லையாம்.
மூன்று மணிக்கு அலாரம் வைத்தேன்.