கையில் இருப்பதை

பொகவந்தலாவையிலிருந்து வந்த மிஸ்ஸி
பிள்ளைக்காம்பராச் சுவரைத் தள்ளச் சொன்னாள்.
பத்துத் தரம்.
எட்டிலேயே முழங்கை நடுங்கிய பேச்சாயி,
"வெள்ளக்காரன் கட்டுன செவுரு, வுட்டுரு புள்ள."

கொழுந்துக்கு விரல், பாரத்துக்கு நெற்றி
என்றே போன நாற்பது வருஷம்.
அறுபத்திரண்டில்தான்
என் தோளுக்குப் பேர் பதிகிறார்கள்.

பிறகு மெத்தையில் விழப் பழகினோம்.
பக்கவாட்டில் உருளு.
தலையைத் தூக்கிக்கொள்.
கையில் இருப்பதை விட்டுவிடு.

அது மட்டும் வரவில்லை எனக்கு.
ஏழாம் நம்பர் மலையில்
அட்டைக்கடியோடு சறுக்கியபோதும்
கூடையை அணைத்துத்தான் விழுந்தேன்.
சிந்தினால் அரைப்பேர்.

நேற்று பீலிக்கரைப் பாசியில்
கால் போனது.
குடம் ஒரு பக்கம்,
நான் ஒரு பக்கம்.

உள்ளங்கை ஊன்றி
நானே எழுந்தேன்.
குடம் உருண்டுகொண்டே இருந்தது
கீழ் லயம் வரை.
கூப்பிடவில்லை.