மூன்று இரவுக் கணக்கு

சோனகத்தெருவில் இறங்கும்போது
கக்கத்தில் இரண்டு தாள்.
ஒன்று சபையின் கடிதம்:
தைக்காவை விட்டு வெளியேறும் திகதியை நிரப்பி
மயிலிட்டித் தவமலரிடம் ஒப்பம் வாங்குக.
மற்றது சாசனப் பிரதி.
குதிரை ஏற்றிவந்த நகுதா அபூதாலிபு
அறுநூறு வருடம் முந்தி
அரபெழுத்தில் எழுதிவைத்த தமிழ்.

கிணற்றுக்கு இரண்டு பனங்காணி.
ஸியாரத்து விளக்குக்குத் தென்னந்தோப்பு.
ஓதவரும் பிள்ளைக்குப் பலகையும் மையும்.
கஞ்சிக்குத் துறையடிக் கடை நாலின் வாடகை;
கிடாரம் கவிழ்ந்தால் என் பேரும் கவிழ்க.
வழிப்போக்கர் அறையில்
எவர்க்கும் மூன்று இரவு.

அந்த மூன்றை நம்பித்தான் போனேன்.

ஹவுளில் தண்ணீர் இல்லை.
பழைய படகு எஞ்சின் ஒன்று
ஒளூச் செய்ய வந்ததுபோல் குந்தியிருந்தது.
ஓதற்பள்ளித் தூண்களுக்கிடையே வலை.
பவளக்கல் சுவரில்
அவளுடைய மகளின் உயரம் கரிக்கோடுகளாக
ஐந்து வயது முதல் பதினாறு வரை;
அதற்குமேல் கோடில்லை.
நான் கேட்கவில்லை.

"உங்கட ஆக்கள் வருவினம் எண்டு தெரியும்" என்றாள்.
"கிணறு மட்டும் வருசா வருசம் இறைச்சனான்."

சாசனத்தை வாசித்துக் காட்டினேன்,
எழுத்துக்கூட்டி, மூன்று இரவில் குரலை உயர்த்தி.
அவள் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.
"இஞ்சால் பக்கம் என்ன கிடக்கு?"

இவ்வளவு நாளும்
நான் திருப்பிப் பார்க்காத பக்கம்.
ஒரேயொரு வரி:
கடல் மூர்க்கம் கொண்டாலும் வழி அடைபட்டாலும்
அவ்விரவுகள் எண்ணப்படா.

"எங்கட வளவு இன்னும்
கம்பிக்கு அங்காலதான்," என்றாள்,
மீன் விலை சொல்கிற மாதிரி.

தொண்ணூறு ஐப்பசியில்
எங்களுக்குத் தந்தது இரண்டு மணித்தியாலம்.
இரவென்ற அளவே அதில் இல்லை.
புத்தளத்தில் உப்பளத்து ஓரம்
கொட்டில் போட நிலம் விட்ட ஹயாத்து காக்கா
இரவுகளை எண்ணினாரோ, எண்ணி மறைத்தாரோ.
இருபத்தாறு வருடம் அவர் முகத்தில் தேடி
நாங்களும் கேட்காமலே வந்துவிட்டோம்.

பேனை கையில் இருந்தது.
திகதிக்கு விட்ட இடம் வெள்ளையாய் இருந்தது.

கஞ்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள்.
நகுதாவின் செப்புக் கிடாரம்
தரையில் கவிழ்ந்து கிடந்தது,
ஒரு பக்கம் செங்கல் முட்டுக்கொடுத்து.
அவர் பேரை நினைத்து நெஞ்சு ஒருகணம் திக்கென்றது.
குனிந்தேன். இருட்டுக்குள்ளிருந்து
ஒரு பெட்டைக்கோழி உறுமியது.

"அடையில கிடக்கு. நோன்புக்குக் கிடாரம் வேணுமெல்லே.
பொரிக்க இன்னும் ஒன்பது நாள்.
பொறுப்பியளோ?"

விரலில் எண்ணிப் பார்த்தேன்.
தலைப்பிறைக்குப் பதினொரு நாள் இருந்தது.

"பொறுக்கலாம்," என்றேன்.
"புளிபோட்டு மினுக்க
ரெண்டு நாள் போதும்."