எண்பது டொலர்

பெண்டில் ஹில் ஸ்டேஷனுக்குக் கிட்ட உள்ள பேக்கரியில்
எனக்கு எதிரே பிரக்ருதி.
நேபாளப் பெண். முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
விடியும்வரை எத்தனை அடி நடக்கிறாள் என்று
அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.
எண்பது டொலர். பேரம் பேசவில்லை.

'அழித்துவிட்டுத் தருகிறேன், இரண்டு நிமிஷம்.'

அமைப்பு. பொது. மீட்டமை.
எல்லாவற்றையும் அழிக்கவா?
தீப்பெட்டியளவு கண்ணாடி கேட்கிறது,
நீதவானைப் போல, முகம் பாராமல்.

எல்லாம் என்றால்:
மேஸ் ஹில் முருகனைச் சுற்றிய அடிகள்.
அரிசி மூட்டையைக் காரிலிருந்து இறக்கும்போது
'உடற்பயிற்சி செய்கிறீர்களா?' என்று கேட்டு
அது எழுதி வைத்த பதினொரு நிமிஷம்.
போன மாதம், விடிய மூன்று மணிக்கு,
அசையாமல் கட்டிலில் கிடந்தபோது
நூற்று முப்பத்தொன்று.

பரமட்டாவில் சமரசப் பேச்சு நடந்த அன்று
மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்க
மணிக்கட்டு அதிர்ந்தது: எழுந்து நில்லுங்கள்.
நின்றேன்.
அவருடைய வக்கீல் பேனையை மூடினார்.
என்னுடைய வக்கீல் என் கையைப் பிடித்து இழுத்தாள்.
கோபித்துக்கொண்டு வெளியேறுகிறேன் என்று
எல்லோரும் நினைத்தார்கள்.
சோபா செட் எனக்கு வந்தது அப்படித்தான்.

ஆம் என்று அழுத்தினேன்.
வளையம் பாதி சுற்றி நின்றது.
இது இன்னொருவர் கணக்கில் பூட்டப்பட்டிருக்கிறது.
ஒரு 'கே'யும் பத்து நட்சத்திரங்களும்.

கிருபாகரன்.
என் முப்பத்தெட்டாம் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தவர்.
என் போன் பழசு என்று தன்னுடையதில் இணைத்தார்.
நாலு வருஷம் நான் கட்டியிருந்தது
அவருடைய கணக்கை.

பதினொரு மாதம் கதைக்காத இலக்கத்துக்கு எடுத்தேன்.
பேர்த்தில் அப்போது எட்டரை.

'கிருபா, வோச்சை விக்கிறன். பூட்டை எடுத்துவிடுங்கோ.'
'ம்.'
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
'சுகந்தி, இதில எல்லாம் கிடக்கு.'
'என்ன எல்லாம்?'
'உம்மட இதயத்துடிப்பு. நித்திரை. நேற்று வரைக்கும்.'

யாரோ நாலு மாலுபாண் கேட்டார்கள்.
சுடச் சுட வேண்டுமாம்.

'பாக்கிறனீங்களோ?'
'முதல் பாக்கேல்லை.'
'பிறகு?'
'போன மாசம் ஒருக்கா. நூற்றி முப்பத்தொண்டு. விடிய மூண்டு மணிக்கு.'
'ஏன் எடுக்கேல்லை?'
'எடுத்து என்னெண்டு கேக்கிறது?'

நாடி பார்க்கிற பரியாரியும்
கையைத் தா என்று கேட்டுத்தான் பிடிப்பார்.
கோபம் வந்தது.
அந்த இரவை இன்னொருவரும் பார்த்திருந்தார் என்பது
அந்தக் கோபத்துக்குள்ளேயே
மீன்முள் மாதிரிக் கிடந்தது.
துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

'உங்கட பக்கத்தில இருக்கிறதையும் அழியுங்கோ.'
'எல்லாத்தையுமோ?'
'எல்லாத்தையும்.'

அழிவதற்குச் சத்தம் கிடையாது.
இருந்தும் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.
பேர்த்தில் ஒரு நாய் குரைத்தது,
வீட்டுக்குள்ளே இருந்து.
நாய் வாங்கியிருக்கிறார்.

வளையம் மறுபடி சுற்றத் தொடங்கியது.
பிரக்ருதி தேநீரை மூன்று தரம் ஊதினாள், குடிக்கவில்லை.
ஐந்து டொலர் குறைக்கவா என்று நானே கேட்டேன்.
வேண்டாம் என்றாள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.
ஏதேதோ மொழிகளில் வணக்கம் சொன்னது,
என்னை முதல்முறை பார்ப்பதுபோல.
அவள் பெயரைக் கேட்டது. வயது. எடை.
எடையில் இரண்டு கிலோ குறைத்துப் போட்டாள்.
நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

நான் காசை எண்ணுகிறேன்.
அவள் வாரில் துளை தேடுகிறாள்.
எனக்கு நாலாவது, அவளுக்கு ஆறாவது.

பத்து ஐம்பது.
அவள் மணிக்கட்டு அதிர்ந்தது.
'இப்போது என்ன சொல்கிறது இது?'
என்று நிமிர்ந்து பார்த்தாள்.

நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.