ஒன்று ஐம்பத்தொன்பது

மொண்டேவீடியோவில் எந்தப் பக்கம் ஓடினாலும் எதிர்க்காற்றுதான்.
திரும்பும்போது தள்ளிவிடும் என்பான் அதேமார்.
திரும்பினோம். தள்ளவில்லை.

பஸ் ஓட்டுகிறவன்.
கிளட்ச் மிதித்த இடது முழங்கால்
படி இறங்கும்போது மட்டும் வாய் திறக்கும்.
நில்டாவுக்குக் குதிகால்.
காலையில் கட்டிலைவிட்டு வைக்கிற முதல் அடி
உடைந்த ஓட்டின்மேல் வைப்பதுபோல என்பாள்,
ஊருக்கெல்லாம் களிம்பு விற்கும்
மருந்துக்கடைக்காரி.
எனக்குப் பெருவிரல் நகம்,
கறுத்து, மார்ச்சில் விழுந்தது.
அதைப் போய் வலி என்று சொல்லக் கூச்சம்;
இடுப்பு என்று சொல்லிவைத்தேன்.

இருபத்தோரு கிலோமீட்டர்.
நில்டா வீட்டு ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிய தாள்:
1:59
ஜூனில் அதை அடித்துவிட்டு 2:05.
ஆகஸ்டில் அதேமார் கையெழுத்து:
ஆம்புலன்ஸ் இல்லாமல்.

பதினேழாவது கிலோமீட்டரில் நில்டா நின்றாள்.
கடல் என்றே நாங்கள் சொல்லும் ஆற்றின்
கரைச்சுவரில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.
தூண்டில்காரர் ஒருவர்
தன் மாத்தே குடுவையை நீட்டினார்.
அதேமார் கடிகாரத்தைப் பார்த்தான்.
நேரம் இருந்தது.
அவன் பார்த்ததை நான் பார்த்தேன்.
பிறகு அவனும் உட்கார்ந்தான்,
முழங்காலில் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு.

நான் உட்காரவில்லை.

ஒன்று, ஐம்பத்தெட்டு, நாற்பத்திரண்டு.
யாரோ ஒரு பையன் கழுத்தில் பதக்கம் மாட்டி
அடுத்த கழுத்துக்குப் போய்விட்டான்.
வாழைப்பழம் மூன்று எடுத்துக்கொண்டேன்.
நான்கு கிலோமீட்டர் திரும்பி நடக்க வேண்டும்,
அவர்கள் இன்னும் அங்கேதான் இருப்பார்கள் என்று
வைத்துக்கொண்டால்.

பாதி வழியில்
இடுப்பு
நிஜமாகவே வலிக்கத் தொடங்கியது.