எடுக்காத கணக்கு

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு மேற்கே
ஏழு வீடு, ஏழு கூரைத் தகடு, ஒரே கம்பி.
பகலில் மிஞ்சிய வெயில்
தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனாகி
மீரான் ராவுத்தர் கொட்டகைச் சிலிண்டரில் கிடக்கும்.
ராத்திரி அதுவே மின்சாரம்,
மீதி சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.
யார் கொடுத்தார், யார் எடுத்தார்:
நோட்டு என்னிடம்.

சம்மனசும் ஜெயசீலியும் பேசி மூன்று வருஷம்.
ஒரு முருங்கைக் கிளை சுவர் தாண்டியது,
அவ்வளவுதான்.

எடவப்பாதி பிடித்து ஒன்பதாம் நாள்
சிலிண்டர் முள் சிவப்பைத் தொட்டது.
இரண்டு மணிக்கு ஜெயசீலி வீட்டிலிருந்து
கர்ரென்று ஒரு சத்தம்.
பையனுக்கு மூச்சு மருந்து ஏற்றும் மெஷின்.
யாரை எழுப்ப, எதை அணைக்கச் சொல்ல
என்று நான் செருப்பைத் தேடுவதற்குள்
சம்மனசு வீட்டு ஃபிரிட்ஜ் நின்றது.
ஃபேன்.
பிறகு மாதா படத்துச் சின்ன பல்பும்.

கொட்டகையில் சொட்டு மெதுவானது.
மெஷின் நிற்கவில்லை.

சம்மனசு படியில் உட்கார்ந்து
துண்டால் விசிறிக்கொண்டிருந்தான்.
"கொசு," என்றான், நான் கேட்காமலே.

காலையில் நோட்டைத் திறந்தேன்.
கொடுத்ததற்குக் கட்டம் உண்டு, எடுத்ததற்கும் உண்டு.
எடுக்காததை எங்கே எழுத?

கேஸ் நடக்கிறது.
அடுத்த வாய்தா பதினேழாம் தேதி,
சித்தூர் கோர்ட்டில்.