உப்புக் கணக்கு

பிர்னோவில் கடல் கிடையாது.
நாட்டிலேயே கிடையாது.
எங்கள் மூன்றாம் மாடியில் மட்டும்
முன்னூறு லிட்டர் இருக்கிறது,
வாளி வாளியாக நான் கலந்தது.

அறுவை முடிந்த அக்காவோடு
ஓலொமோட்ஸில் நான் இருந்த பதினேழு நாளில்
ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்.
உப்பு போகவில்லை.
உப்பு எங்கும் போவதில்லை.

திரும்பி வந்து கோட்டைக் கழற்றாமல் அளந்தேன்:
நாற்பத்தொன்று.
முப்பத்தைந்து இருக்க வேண்டியது.

உள்ளங்கை அகலத்தில்
பச்சை மடிப்பு மடிப்பாக உப்பிக் கிடக்கும்
என் மூளைப் பவளம்
பிழிந்துவிட்டு உதற மறந்த துணிபோல் கிடந்தது.
சதை விலகிய ஓரத்தில் எலும்பு.
பல் செய்து பிழைக்கிறவள் நான்.
அந்த வெள்ளைக்கு என் நிறப்பட்டியில் ஒரு பெயர் உண்டு, பி ஒன்று.
வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற நிறம்.
யார் வாயிலும் தானாக முளைக்காத நிறம்.

போஹுமில் சமையலறையில்
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்,
மூலை வரைக்கும், மிகக் கவனமாக.
நான் கேட்கவில்லை.
அவன் சொல்லவில்லை.

உப்பை ஒரே நாளில் இறக்கினால்
மிச்சமும் செத்துப்போகும்.
நாளுக்கு ஒன்று என்று ஆறு நாள்.
கோபத்தையும் இப்படித்தான் இறக்க வேண்டும் என்று
யாராவது என்னிடம் சொன்னால்
அச்செடுக்கும் பசையை அவர் வாயில் அடைப்பேன்.
இது பவளம்.
கோபம் வேறு கணக்கு.

முட்டை அடிக்கும் கிண்ணத்தில்
கடுந்தேநீர் நிறத்தில் அயோடின்,
பதினைந்து நிமிடம் முக்கல்.
பிறகு மணலில், பாறை நிழலில் ஓர் இடம்.
விளக்கைப் பாதியாக்கினேன்.
பம்பின் முகத்தைச் சுவருக்குத் திருப்பினேன்.
இனி ஊட்ட வேண்டும்.
ஆனால் அதற்கு இருட்டிய பிறகுதான் பசிக்கும்,
எனக்கு ஆறரைக்கு ஆய்வகம்.

அவன் கடைசி டிராமைப் பணிமனையில் விட்டு
ஒன்றேமுக்காலுக்கு வருகிறவன்.
அதனால் தொட்டி மேல் ஒரு நோட்டு.
என் பக்கத்தில் எண்கள்.
அவன் பக்கத்தில்
"இரவு 2. திறக்கவில்லை."
"2.10. திறக்கவில்லை."
"இறால் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. திட்டினேன்."

அந்த இறால்,
முதுகில் சிவப்புக் கோடு, வெள்ளை மீசை,
நோயாளியின் வாயில் கைவிட்டு எடுக்கிற திருடன்.

பத்தாம் நாள் காலை
சோடாப் புட்டி ஒன்று பாதியாக வெட்டப்பட்டு
பவளத்தின் மேல் கவிழ்ந்திருந்தது.
கழுத்து வழியாக சிரிஞ்சு போகும்,
இறால் போகாது.
வெளியே எடுத்து
விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினேன்,
ஆய்வகத்தில் ஒவ்வொரு பல்லுறையையும் சோதிப்பதுபோல.
எங்கும் பிசிறில்லை.
நெருப்பில் காட்டி மழுக்கியிருக்கிறான்,
சதையைக் கீறிவிடாமல் இருக்க.
அடுப்பருகே
ஒன்பது எரிந்த தீக்குச்சிகள்.

பத்தொன்பதாம் நாள் அவன் பக்கத்தில்:
"1.55. ஆறு விரல் வெளியே வந்தன.
ஒரு துணுக்கு ஒட்டியது.
விழுங்கப் பதினொரு நிமிடம். நின்று பார்த்தேன்."
அதற்குக் கீழே, வேறு பேனாவில்:
"நிரப்புகிற வாளி அப்போது நான்கு நாளாகக் காலி.
பார்த்தேன்.
நாளைக்கு என்று நினைத்தேன்."

படித்தேன்.
பல் தேய்த்தேன்.
திரும்ப வந்து படித்தேன்.
பிறகு என் பக்கத்தில்
அன்றைய எண்ணை எழுதினேன்: முப்பத்தைந்து.
என்னவோ போலிருந்தது.
"மீன் துணுக்கு தீர்ந்துவிட்டது, வாங்கு" என்றும் எழுதினேன்.

இப்போது பிப்ரவரி.
இடது ஓரத்து எலும்பு எலும்பாகவே நிற்கிறது.
அங்கே இனிச் சதை ஏறாது.
ரோஜா நிறத்தில் ஏதோ ஒரு பாசி
அதைத் தன் இடமாக்கிக்கொண்டிருக்கிறது.
மற்ற பாதி
மாலையில் விளக்கு நீலமாகும்போது
உப்பிப் பெரிதாகிறது,
முன்பிருந்த அளவுக்கு இல்லை.

ஞாயிறு அவனுக்கு விடுமுறை.
நள்ளிரவில் இருவரும் தரையில் உட்கார்ந்திருக்கிறோம்.
நான் புட்டியைப் பிடிக்க அவன் சிரிஞ்சை அழுத்துகிறான்,
பெடலை மிதிப்பதுபோல் மெதுவாக.
"போதும்" என்கிறேன்.
"இன்னும் ஒன்று" என்கிறான்.

வெளியே இறால்
பிளாஸ்டிக்கைத் தட்டித் தட்டிச்
சுற்றி வருகிறது, வாசல் தேடி.